சட்ட நூலகரும் ரங்கநாதனின் ஐந்து விதிகளும்: வடசென்னையிலிருந்து ஒரு திறனாய்வு

நூலக அறிவியல் படிக்கச் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்வது எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை. 1931-இல் வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலின் சாரம் அது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அந்த விதிகள் நூலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அவற்றைச் சுவரிலிருந்து இறக்கி, சட்ட நூலகம் என்ற ஒரு குறிப்பிட்ட வகை நூலகத்தில் வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை. சட்ட நூலகர் தம் தொழிலில் வளர்வது என்றால் என்ன? புதுமை என்று எதைச் சொல்லலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ரங்கநாதனின் விதிகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று பார்ப்போம்.

கேள்வி எழுந்த இடம்

நான் நூலகரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. திருவொற்றியூர் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பொருளைப் பற்றி எழுதவைத்தது ஒரு சிறிய நிகழ்ச்சி.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் மணலிப் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருந்து நீக்கப்பட்டிருந்தார். நீக்கக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். “டீச்சர், மனு போட மூணு வருஷம் டைம் இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகல. அவசரம் இல்லையே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிய தொழில் என்பதால், இருவரும் ஒரு நூலகத்துக்குப் போனோம். சட்டப் புத்தகங்களுக்கென்று தனி அடுக்கு வைத்திருந்த நூலகம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பேர் ஆக்டாகவும் உரை நூலாகவும் அங்கே இருந்தது. 2010-இல் திருத்தப்பட்ட 2-ஏ பிரிவில் மூன்று ஆண்டு என்றே போட்டிருந்தது. மாணவருக்கு நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதிக்கு அடித்தளம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. தொழில் தகராறுகள் சட்டம் அந்த 29-இல் ஒன்று. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் காலவரம்பு இரண்டு ஆண்டு. மாணவர் நீக்கப்பட்டு ஒன்றேமுக்கால் ஆண்டு ஆகியிருந்தது. எந்த வரம்பு இவருக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அந்த அடுக்கில் நின்று படித்தவருக்குத் தெரிய வழியில்லை.

நூலகர் நல்ல பெண். நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேடி எடுத்துக் கொடுத்தார். நான் பிறகு போய் விவரம் சொன்னபோது வருத்தப்பட்டார். “எங்களுக்கு சாப்ட்வேர் டிரெயினிங் மூணு தடவை குடுத்தாங்க டீச்சர். எந்தச் சட்டம் போச்சு, எது வந்துச்சுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல” என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு விரிவுரை என்றே கொள்ளலாம்.

ஆசிரியராக இருந்து நூலகர் ஆனவர்

ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் படித்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறும்வரை ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் தம் மாணவப் பருவத்தைக் கழித்தது, இன்றும் சட்டப் புத்தகக் கடைகள் நிறைந்திருக்கும் தெருக்களில்தான் என்பது வடசென்னைக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்குத் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்துக்குப் போய்ப் பயின்றபோதுதான் மனம் மாறியது. லண்டனில் பெர்விக் சேயர்ஸிடம் கற்றார். பல நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். 1925-இல் ஊர் திரும்பியவர் நூலகத்தையே தலைகீழாக மாற்றினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929-இல் நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931-இல் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. கோலன் பகுப்பு முறை 1933-இல் அச்சேறியது. அவர் பாடுபட்ட பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது.

இந்த வரலாற்றில் தொழில் வளர்ச்சி என்பதன் பொருள் தெளிவாக இருக்கிறது. வேலையில் இருப்பவர் வெளியே போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து தம் நூலகத்தை மாற்றுகிறார். கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கிறார். கடைசியில் சட்டத்தையே மாற்றுகிறார். சான்றிதழ் இந்த வரிசையில் எங்கும் முதலிடத்தில் இல்லை.

விதிகளைச் சட்ட அடுக்கில் வைத்துப் பார்த்தல்

நூல்கள் இருப்பது பயன்படுத்தப்படுவதற்காகவே என்பது முதல் விதி. சங்கிலியால் கட்டிப் பூட்டிவைக்கும் மனப்பான்மைக்கு எதிராக எழுந்த விதி இது. அக்காலத்தில் இது பெரிய புரட்சி. ஆனால் சட்ட நூலகத்தில் இந்த விதிக்கு ஒரு நிபந்தனை தேவைப்படுகிறது. பழைய நாவல் பழையதாக இருப்பதால் கெட்டுப்போவதில்லை. பழைய சட்டப் புத்தகம் கெட்டுப்போகும். கெட்டுப்போனது வெளியே தெரியாது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் வந்தது. 2024 ஜூலை 1 அன்று அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குரிய தண்டனை 302-ஆம் பிரிவு என்று தமிழ்ப் படம் பார்த்தவர் எல்லோருக்கும் தெரியும். இப்போது அது 103. ஊர்ப் பேச்சில் ஏமாற்றுக்காரனுக்கே பெயராகிவிட்ட 420, இப்போது 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு.

அப்படியானால் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே இரண்டும் வேண்டும். எது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற குறிப்பும் அட்டையிலேயே வேண்டும். அந்தக் குறிப்பை எழுதத் தெரிந்தவரே சட்ட நூலகர். இந்த அறிவு நூலக அறிவியல் பட்டத்தில் தானாக வந்துவிடாது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. ரங்கநாதன் ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில்தான் அழுத்தம் கொடுத்தார். ஆண், பெண், நகரத்தார், கிராமத்தார், படித்தவர், படிக்கத் தொடங்குபவர் எல்லோரும் அதில் அடக்கம். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகப் போனது இந்த எண்ணத்தின் செயல் வடிவம். ஆனால் சட்ட நூலகங்களை அமைத்தவர்கள் வாசகர் என்றதும் நினைத்தது நீதிபதியை, வழக்கறிஞரை, சட்ட மாணவரை. சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணூரில் வலை இழுப்பவர், ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமப்பவர், திருவொற்றியூரில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர் ஆகியோர் சட்டத்தின் வாசகர்கள் என்று எந்த நூலகத் திட்டமும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மொழியும் இங்கே குறுக்கே நிற்கிறது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தீர்ப்புத் திரட்டுகளும் ஆங்கிலத்தில். 2019-இலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடப்படுகின்றன. அவை இணையத்தில் எங்கே இருக்கின்றன என்று வாசகருக்குக் காட்டுவதும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் இரண்டாம் விதியின்படி நூலகரின் கடமை.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது மூன்றாம் விதி. அடுக்கில் உறங்கும் நூலை வாசகர் கண்ணில் படச் செய்வதற்கே பகுப்பு முறை, பட்டியல், திறந்த அடுக்கு எல்லாம். கோலன் பகுப்பில் சட்டத்துக்குரிய எழுத்து ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்து. அதற்குள் முதலில் எந்த நாட்டாரின் சட்டம் என்று பார்க்கிறார்; பிறகே சட்டத்தின் கிளை வருகிறது. தர்க்கப்படி இது சரி. ஆனால் வாசகர் வருவது அந்த வரிசையில் இல்லை. அவர் ஒரு துன்பத்தோடு வருகிறார். ‘வேலை போய்விட்டது’, ‘ஆற்றில் எண்ணெய் கலந்துவிட்டது’, ‘அண்ணன் வீட்டை எழுதி வாங்கிவிட்டார்’ என்பதே அவருடைய தலைப்பு. அந்தத் தலைப்புக்கும் அழைப்பு எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடத்திவிட ஓர் ஆள் வேண்டும். ரங்கநாதனுக்கும் இது தெரியும். அதனால்தான் நோக்கீட்டுப் பணியை அவ்வளவு உயர்வாகச் சொன்னார். அவருடைய பகுப்பு முறையைக் கைவிட்ட நூலகங்கள் பல. அவர் வற்புறுத்திய அந்த ஆளையும் சேர்த்துக் கைவிட்டதுதான் குறை.

வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காம் விதி. சட்டத் துறையில் இந்த விதிக்காகத்தான் பெரும்பணம் செலவாகிறது. கட்டணத் தரவுத்தளங்களில் ஒரு சொல்லைத் தட்டினால் தீர்ப்புகள் வந்து விழுகின்றன. கட்டணம் கட்டிய நூலகத்தின் வாசகருக்கு நேரம் மிச்சம். மற்றவருக்கு? இதற்கு விடையாக வந்தவை இலவசத் தளங்கள். 2008-இல் சுஷாந்த் சின்ஹா என்ற மென்பொறியாளர் இந்தியன் கானூன் தளத்தைத் தொடங்கினார். மத்திய, மாநிலச் சட்டங்களை அரசின் இந்தியா கோட் தளம் தருகிறது. 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இ-எஸ்.சி.ஆர். தளத்தை அறிவித்தது. இதற்கு முன்பே, ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் வந்த தீர்ப்பு, நீதிமன்றம் எழுதிய மூலப் பாடம் பொதுச்சொத்து என்பதை உறுதி செய்திருந்தது. பதிப்பாளர் தம் உழைப்பால் சேர்க்கும் பத்திப் பிரிப்பு முதலியவற்றுக்கே அவருக்கு உரிமை.

ஆக, பணமில்லாத நூலகமும் இன்று நல்ல சட்ட நூலகமாக இருக்க முடியும். ஒரு கணினி, ஓர் இணைய இணைப்பு, பயிற்சி பெற்ற ஒருவர் போதும். முதலிரண்டும் பல நூலகங்களில் இருக்கின்றன.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாம் விதி. உயிருக்கு வளர்ச்சி மட்டுமல்ல, கழிவும் உண்டு. சட்ட நூலகத்தில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைத் தனியே எடுத்து ‘வரலாற்றுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று எழுதிவைப்பது என்பது கடினமான முடிவு. நான் பார்த்த அந்த அடுக்கு வளர்ந்திருந்தது. கழிவு நீங்கவில்லை.

விதிகளின் எல்லை

ரங்கநாதனின் மேல் நான் வைக்கும் குறை ஒன்று உண்டு. அவருடைய விதிகள் நூல் என்ற அலகைச் சுற்றியே நிற்கின்றன. சட்டம் நூலில் மட்டும் இருப்பதில்லை. அரசிதழ் அறிவிப்பில் இருக்கிறது, அரசாணையில் இருக்கிறது, வரைபடத்தில் இருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகம் இதற்குச் சான்று. கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்காக 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடம் ஒன்று உண்டு. அதில் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. நடைமுறையில் வழங்கிவந்த இன்னொரு வரைபடத்தில் அதன் ஒரு பகுதியே காணோம். 2017-இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீனவர்களும் சூழலியலாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். பழைய வரைபடம் அவர்கள் கைக்கு வந்தது நூலக அடுக்கிலிருந்து இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுத்தான் வந்தது. ஓர் ஆறு இருக்கிறதா இல்லையா என்பதையே ஒரு தாள் தீர்மானிக்கும் ஊரில், அந்தத் தாளைச் சேர்த்துவைப்பது யாருடைய வேலை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. ஆணைகள் வந்தன, குழு அறிக்கைகள் வந்தன. அவை இணையத்தில் ஆங்காங்கே கிடக்கின்றன. ஊர் நூலகத்தில் ‘எண்ணூர்’ என்று எழுதிய ஒரு கோப்பில் அவற்றை அச்செடுத்து வைத்தால் அதுவே சட்ட நூலகப் பணி. ஐந்து விதிகளில் ‘நூல்’ என்ற சொல்லை ‘ஆவணம்’ என்று மாற்றிப் படித்தால்தான் இந்த வேலை கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சி என்ற பெயரில்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்குப் பணி உயர்வு வேண்டுமானால் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. விதி நல்லதுதான். ஆனால் நாங்கள் ஆசிரியர்கள் பணியிடைப் பயிற்சியை அறிந்தவர்கள். காலையில் கையெழுத்து, பதினொரு மணிக்குத் தேநீர், மாலையில் மறுபடி கையெழுத்து, கடைசி நாளில் சான்றிதழ், குழுப் படம். எப்போதாவது ஒரு நல்ல விரிவுரையாளர் வந்தால் அது எங்கள் அதிர்ஷ்டம். பயிற்சிக்குப் பிறகு வகுப்பறையில் என்ன மாறியது என்று எவரும் வந்து பார்த்ததில்லை. நூலகர் நண்பர்கள் சொல்வதைக் கேட்டால் அவர்களுடைய கதையும் இதுவே. பதிப்பாளரின் விற்பனைப் பிரதிநிதி வந்து தம் தரவுத்தளத்தைக் காட்டிவிட்டுப் போவதும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

விதிமுறைகளின் பார்வையும் எண்ணிக்கையின் பார்வைதான். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் சட்டக் கல்லூரி நூலகத்துக்கு மாணவருக்குப் பத்து நூல், பத்தாண்டுப் பழைய இதழ்த் தொகுதிகள், ஒரு பாடப்பிரிவுக்கு 50,000 ரூபாய், இரண்டு பிரிவுக்கு ஒரு லட்சம் ரூபாய் குறைந்தபட்ச முதலீடு என்று கணக்குச் சொல்கின்றன. ஆய்வுக்கு வருபவர் நூலை எண்ணிவிட்டுப் போகலாம். வாசகரின் கேள்விக்கு விடை கிடைத்ததா என்பதை எண்ண அதில் கட்டம் இல்லை.

பிற நாடுகளைப் பார்த்தால் அமெரிக்கச் சட்ட நூலகர் சங்கம் 1906-இலேயே தோன்றிவிட்டது. உலகளாவிய சட்ட நூலகச் சங்கம் 1959-இல் வந்தது, பிரிட்டன்–அயர்லாந்துச் சங்கம் 1969-இல். அமெரிக்கப் பல்கலைக்கழகச் சட்ட நூலகர்களில் பலர் நூலகப் பட்டத்தோடு சட்டப் பட்டமும் பெற்றவர்கள். மாணவருக்குச் சட்ட ஆய்வு முறையைக் கற்பிப்பதே அவர்கள் வேலையில் பெரும்பங்கு. நம் ஊரில் எல்லோரும் இரண்டு பட்டம் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் எப்படிப் பிறக்கிறது, எப்படித் திருத்தப்படுகிறது, எந்த நாளில் உயிர் பெறுகிறது என்ற மூன்றையும் ஒரு மாத வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

புதுமை என்ற பெயரில்

புதுமை என்றால் புதிய மென்பொருள் வாங்குவது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ரங்கநாதன் காலத்துப் புதுமைகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பூட்டைத் திறந்தது, நேரத்தை நீட்டித்தது, மாட்டுவண்டியில் ஏற்றியது, வாசகரிடம் என்ன வேண்டும் என்று கேட்டது. இவற்றில் எதுவும் கருவி வாங்கியதால் வந்ததில்லை.

இப்போதைய பெரிய கருவி செயற்கை நுண்ணறிவு. கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறது, சட்டமும் சொல்கிறது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் வழக்கறிஞர்கள் அதைக் கேட்டு எழுதிய மனுவில், உலகில் எங்குமே நடக்காத வழக்குகள் முன்தீர்ப்புகளாக இடம்பெற்றிருந்தன. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்த வழக்கறிஞரே ஏமாறும் இடத்தில் நம் மாணவரும் தொழிலாளியும் என்ன செய்வார்கள்? ஒரு தீர்ப்பின் பெயரைச் சொன்னதும், அது நீதிமன்றத் தளத்தில் இருக்கிறதா, பிறகு மாற்றப்பட்டதா என்று ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துச் சொல்லக்கூடியவர் இன்று அரிய மனிதர். அந்த வேலைக்கு நூலகரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இந்தக் கருவி நூலகரை வேண்டாதவராக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சரிபார்க்கத் தெரிந்த நூலகரை அது முன்னைவிட வேண்டியவராக்கும் என்பதே என் கருத்து.

ஒரு மறுப்பு

நூலகர் சட்டம் சொல்லப் புகுந்தால் ஆபத்து என்று மறுப்பவர்கள் உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞர் தொழில் செய்யப் பதிவு வேண்டும். ‘உங்கள் வழக்கு வெல்லும்’, ‘இந்த மனுவை இப்படி எழுதுங்கள்’ என்று சொல்வது நூலகர் வேலை இல்லை. ஆனால் தகவல் வேறு, ஆலோசனை வேறு. ‘இந்தப் புத்தகத்தில் உள்ள சட்டம் 2025 நவம்பர் 21-இல் மாறிவிட்டது, புதியது இதோ, உங்களுக்கு எது பொருந்தும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்’ என்பது தகவல். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ் பெண்களும் தொழிலாளர்களும் உள்ளிட்ட பலருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல்வதும் தகவலே. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று கற்பிப்பதுதான் பயிற்சி. எல்லை தெரியாத நூலகரே பயந்து வாயை மூடிக்கொள்கிறார், அல்லது அளவுக்கு மீறிப் பேசிவிடுகிறார்.

எப்படிப் பயிற்சி தரலாம்

குறை சொன்னவர் வழியும் சொல்ல வேண்டும். என் கணக்கில் நான்கு வழிகள்.

ஒன்று, மாதம் ஒருமுறை அரசிதழ் வாசிப்பு. வட்டாரத்தின் சட்ட நூலகர்கள், பொது நூலகர்கள் கூடி, அந்த மாதம் எந்தச் சட்டம் வந்தது, எது போனது என்று பட்டியலிட்டு, தங்கள் அடுக்கில் உள்ள நூல்களில் சீட்டு ஒட்ட வேண்டும். செலவு தேநீருக்கு மட்டும்.

இரண்டு, கேள்விப் பதிவேடு. வந்த வாசகர் என்ன கேட்டார், என்ன கொடுத்தோம், போதுமானதாக இருந்ததா என்று பெயர் குறிக்காமல் எழுதிவைப்பது. ஆண்டு முடிவில் அந்தப் பதிவேடே அடுத்த பயிற்சிக்குப் பாடத்திட்டம்.

மூன்று, இடம் மாறிப் பார்த்தல். ரங்கநாதன் இங்கிலாந்துக்குப் போனார். நம் நூலகர் ஒரு வாரம் நீதிமன்ற வளாகத்திலும், ஒரு வாரம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

நான்கு, பணி உயர்வுக்குச் சான்றிதழோடு ஒரு செயலும் கேட்பது. பயிற்சிக்குப் பிறகு உங்கள் நூலகத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பாதிப் பயிற்சிகள் தாமாகவே திருந்திவிடும்.

இது வடசென்னையில் ஏன் முக்கியம்

இந்த வட்டாரம் சட்டத்தைப் பெற்று அனுபவித்தது மட்டுமில்லை, சட்டத்தை உண்டாக்கியும் இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1920-இல் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது உயர் நீதிமன்றம் சென்று தடையாணை வாங்கியது. தொழிற்சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை நாடு அந்த வழக்கில்தான் கண்டது. அதன் விளைவாக எழுந்த முயற்சியில் பிறந்தது 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் சட்டம். மீனவச் சமூகத்தில் பிறந்து வழக்கறிஞரான சிங்காரவேலர் தம் வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தார். 1923-இல் இந்நாட்டின் முதல் மே தினத்தை இந்தக் கடற்கரையில் கொண்டாடினார். நூலகமும் சட்டமும் உழைப்பவரும் ஓரிடத்தில் சந்தித்த ஊர் இது.

அந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போய்விட்டது. அது போனது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். போய்விட்டது என்ற செய்தியாவது அந்தச் சட்டத்தை ஈன்ற ஊரின் நூலக அடுக்குக்கு வந்து சேர வேண்டாமா?

மதிப்பீடு

ஐந்து விதிகளும் இன்றும் நிற்கின்றன. சட்ட நூலகத்துக்கு அவற்றோடு இரண்டு திருத்தங்கள் வேண்டும்: நூல் என்பதை ஆவணம் என்று விரித்துப் படிக்க வேண்டும், பயன் என்பதோடு ‘எந்த நாள்வரை செல்லும்’ என்ற தேதியையும் சேர்க்க வேண்டும். ரங்கநாதனிடம் இல்லாதவை இவை. அவரிடம் இருந்து நாம் விட்டுவிட்டது இன்னும் பெரியது: வாசகரின் கேள்வியைத் தம் கேள்வியாக எடுத்துக்கொள்ளும் நூலகர். நூலக அறிவியல் படிக்கும் மாணவர்கள் விதிகளை எழுதி மதிப்பெண் வாங்கிய பின், உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், சட்ட அடுக்கில் உள்ள முதல் பத்து நூல்களை எடுத்து, அவற்றில் எத்தனை இன்றும் செல்லுபடியாகும் என்று பாருங்கள். அதுவே உங்கள் முதல் தொழிற்பயிற்சியாக இருக்கட்டும்.

என் மாணவர் அந்த வாரமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் வழக்கறிஞரைப் பார்த்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் மனு கொடுத்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. நூலகர் அந்தப் புத்தகத்தின் அட்டையில் தம் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: ‘இச்சட்டம் 21.11.2025 முதல் மாறியுள்ளது. விவரம் கேட்கவும்.’